மட்கார்டில் புதைந்த ஹெட்லைட்

"இத்துடன் அனுப்பும் படத்தில் அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள். இடம், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வாசல். பின்னால் நிற்பது என்ன கார்?"

பழைய கார்களைப் பற்றி எழுதும் எனக்கு, போன வாரம் வெள்ளவத்தையிலிருந்து புவனேஸ்வரி ரீச்சர் எழுதிய கடிதம். தான் பிறந்த சில நாட்களில், 1937இல், அம்மா இறந்துவிட்டார் – அவருக்கென்று இருப்பது இந்த ஒரு படம்தான் என்றும் எழுதியிருந்தார்.

லென்ஸை எடுத்தேன். மொரிஸ் எயிட். சந்தேகமில்லை. ஆனால் எந்த மொடல்? பழையதில் ஹெட்லைட்டுகள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இதிலோ மட்கார்டுக்குள்ளேயே புதைந்திருந்தன. அந்த மொடல் இங்கிலாந்தில் வெளிவந்ததே 1938 கடைசியில். கப்பலேறிக் கொழும்பு வர இன்னும் சில மாதம்...

ஒரு காரை இருபது வருடம்கூட ஓட்டலாம். அதனால் படம் எதற்குப் பிந்தியதல்ல என்று கார் சொல்லாது. எதற்கு முந்தியதல்ல என்று சொல்லிவிடும். இன்னும் செய்யப்படாத காருக்கு முன்னால் யார் நிற்க முடியும்?

பதில் எழுத மனம் வரவில்லை. நேரே போனேன்.

பெரிதாக்கிச் சட்டம் போட்ட அதே படம், சுவரில், மாலையோடு. தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன்.

"அப்ப இவ அம்மா இல்லையோ?" என்றார் ரீச்சர்.

"1938 கடைசிக்கு முன்னம் எடுத்த படமா இருக்கேலாது, ரீச்சர்."

அவருடைய கணவர் பேச்சை மாற்றப் பார்த்தார். "நான் எப்பவும் சொல்லுறனான், உம்மடை அப்பாவிட்டைச் சைக்கிளே இருந்திருக்காது. கார் வேற ஆரின்ரையோ."

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ."

பாதி நிழல் விழுந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது சின்னம்மா" என்றார். அம்மாவின் தங்கை. அப்பா பின்னால் மணந்தது அவரைத்தான். ரீச்சரை வளர்த்தவர்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சு எண்டு எல்லாரும் சொல்லுவினம். சின்னனிலை நான்தான் சின்னம்மாவிட்டைக் கேட்டனான், இது என்ரை அம்மாவோ எண்டு. ஓம் எண்டவ. அதுக்குப் பிறகு ஒவ்வொரு திவசத்துக்கும் இந்தப் படத்துக்குத்தான் மாலை. பூக் கட்டித் தந்ததும் அவதான்."

உயிரோடு இருப்பவரின் படத்தில் தவறிப் பூ விழுந்தாலே நம் ஆட்கள் பதறுவார்கள். இந்த மனுஷி தன் படத்துக்குத் தானே மாலை கட்டியிருக்கிறார்... வருடா வருடம்.

"மாலையைக் கழட்டட்டோ?" என்று கணவர் எழுந்தார்.

"விடுங்கோ. இப்ப சின்னம்மாவும் இல்லைத்தானே."

கார் நிரூபித்தது ஒன்றைத்தான்: படத்தில் நிற்கும் பெண் ரீச்சரைப் பெற்றவர் அல்ல. வளர்த்தவர் என்பதற்கு ரீச்சரின் சொல்லைத் தவிர என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. உறுதிப்படுத்தாத தகவல் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.