ஸ்ரீரங்கனுக்குச் சுருக்கம் போதும்

"அப்ஸ்ட்ராக்ட் சொல்லு, சீதா!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஸ்ரீரங்கனின் குரல் சமையலறைக்குள் போய்விடும். மனைவி சீதா, "காத்தால தண்ணி லாரி வந்துதோன்னோ, அப்போ கீழாத்து மாமி..." என்று ஆரம்பித்திருப்பாள். அவ்வளவுதான், இவர் கை மேலே எழும்பிவிடும். "முதல்ல முடிவு. பாக்கி வேணும்னா நானே கேட்டுக்கறேன்." லாரியில் புறப்பட்ட சேதி, நாளைக்குக் குழாய் ரிப்பேர்க்காரன் வருகிறான் என்று ஒற்றை வரியாகச் சுருங்கி அவர் காதில் விழும். மனிதர் பரம திருப்தியோடு கைகால் கழுவப் போவார்.

ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் அவருக்கு வேலை. வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு வரும் கட்டுரைகளைத் திருத்திச் சீர்படுத்தி அனுப்பும் அலுவலகம். அவர் தலை நரைத்ததே அங்கேதான். எந்த விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்தாலும் சரி, அறிமுகம், செய்த முறை, கண்டது, அதைப் பற்றிய விவாதம் என்று நான்கு அறைகளுக்குள் அடங்கியாக வேண்டும். கண்டதைச் சொல்லும் இடத்தில் சொந்த அபிப்பிராயம் தலைகாட்டினால், காதைப் பிடித்து இழுத்துப் போய் விவாதத்தில் உட்கார வைப்பார். எல்லாவற்றுக்கும் மேலே 'அப்ஸ்ட்ராக்ட்' என்று ஒரு சுருக்கம். "அதுக்குக் கீழ எவன் சார் படிக்கறான்? எனக்குச் சம்பளம் குடுக்கறா, அதனால படிக்கறேன்" என்பார்.

மேற்கு மாம்பலத்து வீட்டிலும் இதே ராஜ்யம்தான், யார் பேச்சுக்கும் ஒரு கட்டுரை வகையின் பெயர். புனேயிலிருந்து மகன் பேசும் போன் 'ஷார்ட் கம்யூனிகேஷன்'. எதிர் ஃபிளாட் இசக்கிமுத்து அசோசியேஷனைத் திட்டினால் அது 'ஆசிரியருக்குக் கடிதம்'. ஊரார் சொன்னதையெல்லாம் தொகுத்துச் சொல்லும் மைத்துனர் 'ரிவ்யூ'. பாவம், சொந்தமாக ஒன்றும் கண்டுபிடித்ததில்லை. ஒரே ஓர் ஆளுக்கு நேர்ந்த விசித்திரம் 'கேஸ் ரிப்போர்ட்'. சீதாவின் பேச்சு மட்டும் எதிலும் சேராது. "ஸ்ட்ரக்சரே கிடையாதுடி உனக்கு!" என்றால் முன்பெல்லாம் சிரிப்பாள். கொஞ்ச நாளாக, ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லைன்னா" என்று உள்ளே போய்விடுகிறாள். சௌகரியமாகப் போயிற்று என்றுதான் இவர் நினைத்தார்.

இவருக்கு இருந்த குறையெல்லாம் காப்பிப்பொடியைப் பற்றித்தான். மாதத்துக்கென்று அரைத்து வாங்கும் பொடி பாதி மாதத்திலேயே தீர்ந்து போகிறது. எடை குறைகிறதென்று கடையில் போய்ச் சண்டை போட்டார். "உங்க கண்ணு முன்னாடிதானே சார் நிறுத்தேன்!" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

போன வாரம் அவர் கணினிக்கு ஒரு கேஸ் ரிப்போர்ட் வந்தது. சென்னை டாக்டர்கள் எழுதி, கடல் கடந்த பத்திரிகை ஏற்றுக்கொண்டு, திருத்தத்துக்காக மறுபடி ஈக்காட்டுத்தாங்கலுக்கே வந்து சேர்ந்திருந்தது. நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி. படி ஏறினால் மூச்சிரைப்பு, ஓயாத அசதி. வீட்டாருக்குத் தெரியாமல் காப்பிப்பொடியை வெறும் வாயில் போட்டு மெல்லும் பழக்கம். இரும்புச்சத்து குறைந்துபோனால் சிலருக்கு இப்படி எதையாவது தின்னத் தோன்றுமாம். உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது. புண்ணாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோதனைக்கு நோயாளி திரும்பி வரவேயில்லை.

ஸ்ரீரங்கனுக்குக் கை ஓடவில்லை. சேச்சே, சீதாவுக்கு ஐம்பத்திரண்டு. கட்டுரையில் இரண்டு பிள்ளைகள், இவருக்கோ ஒரே பையன். ஆனால் ஆளை அடையாளம் தெரியாமலிருக்க வயதையும் குடும்பத்தையும் மாற்றி எழுதுகிற டாக்டர்கள் உண்டு. கூடாதென்று விதி இருக்கிறது, இருந்தும் செய்வார்கள். அப்படியானால் பொருந்தாததை நம்புவதா, பொருந்துவதை நம்புவதா? நாலு அறைகளில் எந்த அறைக்குள் போய்த் தேடுவது? முதலிலிருந்து படித்தார், கடைசியிலிருந்து படித்தார். தலை சுற்றியதுதான் மிச்சம்.

கட்டுரையின் கடைசியில் 'நோயாளியின் பார்வை' என்று ஒரு பகுதி. அளவு மீறினால் அவர் முதலில் கத்தரிப்பது அதைத்தான். அதில் இருந்தது இவ்வளவே: 'வீட்டில் சொல்லத்தான் போனேன். ஆரம்பிக்கும் முன்பே முடிவைக் கேட்டார்கள். முடிவு எனக்கே தெரியாது.' அதன் கீழே, இதை வெளியிட நோயாளி எழுத்துமூலம் சம்மதித்திருக்கிறார் என்ற வழக்கமான வரி. ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லச் சம்மதமாம்! ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கியது. எந்த வீட்டில்தான் முடிவைக் கேட்கவில்லை என்று தனக்குத் தானே வாதாடியும் பார்த்தார்.

டீம் லீடர் ரூபீனா எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், இந்த ஃபைல் இன்னுமா முடியல? டாக்டர்கிட்ட எதுனா கேள்வி கேக்கணுமா?"

"கேக்கணும்மா" என்றார். 'நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்?' என்று தட்டினார். அழித்தார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

வீட்டில் அடுப்பில் பால் இருந்தது. மேடையில் காப்பிப்பொடி டப்பா திறந்து கிடந்தது. சீதாவின் உதட்டோரம் பழுப்பாக ஏதோ தெரிந்தது. பொடியா, வெறும் நிழலா, அவருக்குப் புரியவில்லை.

"ஏன்னா, இதுக்குள்ள வந்துட்டேள்? உடம்பு சரியில்லையா?"

"எனக்கொண்ணுமில்லை. நீ ஏதோ சொல்ல வந்தியே, அன்னிக்கு..."

"எது?"

"அதான் தெரியலை. எதுவானாலும் சொல்லேன்."

சீதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டப்பாவை மெல்ல மூடினாள். "சொல்லலாம். ஆனா முடிவு எனக்கே தெரியாதே."

"முடிவு வேண்டாம்டி. முதல்லேர்ந்து சொல்லு."

"சித்திரை மாசம், மாம்பலம் ஸ்டேஷன் படி ஏறிண்டிருந்தேனா, அப்போ அந்தப் பூக்காரி, முழம் என்ன விலை சொல்றாங்கறேள்..."

பழக்க தோஷத்தில் அவர் கை மேலே எழும்பியது. எழும்பிய கையை அப்படியே நீட்டி, பொங்க வந்த பாலின் அடியில் அடுப்பை அணைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.