இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

இன்று காலை ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்க வந்தவர், வேலையைத் தொடங்குமுன் அதன் மேல் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, யே டப்பா ஹடாவோ நா" என்றார். அவர் எடுக்கச் சொன்ன அந்த டப்பா என் ஸ்பீக்கர். செருப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிது. ஆனால் மும்பையில் இந்தச் செம்பூர் வீட்டில் வேறெந்தப் பொருளுக்கும் கிடைக்காத மரியாதையோடு பல வருஷம் வாழ்ந்தது. முன்பானால் அவருக்கு ஒரு சொற்பொழிவு கிடைத்திருக்கும். இன்று பேசாமல் தூக்கி சோபாவில் வைத்தேன்.

அவர் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றி, கம்பிகள் சேரும் இடத்தில் அழுக்கெடுக்கும் ஸ்ப்ரேயை அடித்தார். பெட்ரோலும் நகப்பூச்சும் கலந்தாற்போல் ஒரு வாடை. அந்த வாடைதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

அதை நான் முதலில் முகர்ந்தது மாதுங்காவில். அப்போது தாராவியில் இருந்தோம். ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் புதிதாக வேலை. பக்கத்து நாற்காலி வைதேகி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டாள். போனால், அவள் அண்ணா தரையில் உட்கார்ந்து இரண்டு சின்ன ஸ்பீக்கர்களின் பின்புறம் இதே ஸ்ப்ரேயை அடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தாராவியில் பாட்டு கேட்க எங்களுக்கு ரேடியோ தேவைப்பட்டதில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தால் போதும், சுவர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரு சத்தத்துக்கு 'இடம்' என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார். ஒரு பெண் பாடினாள். இடப்பெட்டியிலிருந்தும் இல்லை, வலப்பெட்டியிலிருந்தும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால், என் முகத்தின் உயரத்தில் நின்று பாடினாள். நான் எழுந்துபோய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்.

"என்னடி தேடறே? பல்லியா?" என்றாள் வைதேகி.

"இன்னொரு ஸ்பீக்கர் இருக்குல்லா?"

அண்ணாவும் தங்கையும் சிரித்த சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று. "அங்க ஒண்ணும் கிடையாது. உன் ரெண்டு காதும் கூடிப் பேசி நடுவுல ஒருத்தியை நிறுத்தறது, அவ்வளவுதான்" என்றாள்.

அப்படி ஒன்று என் வீட்டிலும் வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். கல்யாணம், பிள்ளை, செம்பூரில் வீடு எல்லாம் முடிந்துதான் அது கைகூடியது. வந்த பிறகு நான் அடித்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு ஸ்டாண்டுகளுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம். நடு நாற்காலிக்கும் அடையாளம். வீடு பெருக்க வரும் வேலைக்கார பாயி அந்தப் பக்கம் துடைப்பத்தை நீட்டினாலே எனக்கு உயிர் போகும். "எங்கம்மா ஊர்லருந்து வந்தப்பக்கூட இப்படி ஸ்டூல் போட்டு ஒக்கார வைக்கலயே நீ" என்பார் என் கணவர்.

மகள் பிரியா நான்கு வயதில் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே போய், பாடுகிறவளைப் பிடிக்கக் காற்றில் கையை வீசுவாள். வளர்ந்த பிறகு அவளுக்கு எல்லாமே போனில்தான். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் என்னோடு உட்கார்ந்துவிடுவாள், அந்த நடு நாற்காலியில். நான் பக்கத்தில் தரையில். எங்கள் இருவருக்கும் என்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

போன வருஷம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரம். "எம்மா, பாடுற அம்மா நடுவுல இல்ல. வலது பக்கம் ஒதுங்கிட்டாங்க" என்றாள்.

நான் போய் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு நடுவில்தான் இருந்தாள். இங்கேதான் என் புத்தி கெட்டது. எனக்குக் கேட்காத நுணுக்கம் என் பிள்ளைக்குக் கேட்கிறதே என்று பெருமைப்பட்டேன். வைதேகிக்குப் போன் போட்டு வேறு சொன்னேன். இடப்பக்கத்துக் கம்பியை வலப்பக்கம் மாற்றினேன். "இன்னும் வலதுலதாம்மா." பெட்டிகளையே இடம் மாற்றினேன். "அப்படியேதான் இருக்கு." பெட்டியை மாற்றியும் கோளாறு அதே பக்கம் நிற்கிறது என்றால், கோளாறு பெட்டியில் இல்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மிஞ்சியிருப்பது சுவர் என்று நினைத்தேன். அலமாரியை நகர்த்தினேன், கெட்டித் திரை வாங்கி மாட்டினேன், ஸ்ப்ரேயை வாங்கி எல்லா முனைகளிலும் அடித்தேன். வீடெல்லாம் அந்த வாடை.

ஐந்தாறு நாள் கழித்து, "ம்ம்ம்னு ஒரு ஹம் வேற வருதும்மா" என்றாள். எர்த் சரியில்லை என்று முடிவுகட்டி, தாராவியிலிருந்து எங்கள் ஊர்க்கார எலெக்ட்ரீஷியன் மாரியப்பன் அண்ணனை வரச்சொன்னேன். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கடைசியில் மெயினையே அணைத்தார். ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"இப்பம் கேக்காம்மா?"

"கேக்குது அங்கிள்."

மாரியப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். "எக்கா, வீட்ல கரண்டே இல்ல. புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

இடது காது முழுவதுமாகப் போயிருந்தது. வலது காதே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததால் அவளுக்கும் அது புரிந்திருக்கவில்லை. சில நேரம் காரணமே இல்லாமல் இப்படி ஆகும் என்றார்கள். முதல் ஓரிரு நாளில் வந்திருந்தால் மருந்து பலித்திருக்கலாம், பலிக்காமலும் போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அவர் நல்லவர், இரண்டாவது பாதியை அழுத்தித்தான் சொன்னார். நாங்கள் போனது எட்டாம் நாள். மருந்தும் ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். காது திரும்பவில்லை. கோளாறு எங்கே என்று கம்பி கம்பியாகத் தேடிய எனக்கு, கேட்கிறவளைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒற்றைக் காது இருந்தால் என்ன, கேட்கத்தானே செய்கிறது என்பார்கள். கேட்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஹார்ன் எந்தப் பக்கம், ஆட்டோ முன்னாலா பின்னாலா, ஒன்றும் தெரியாது. இது மும்பை. அவள் ஜூலையில் ஹார்பர் லைன் ரயிலில் ஏறிக் கல்லூரிக்குப் போக வேண்டும். நான் கூட வருகிறேன் என்றேன். "அம்மாவக் கூட்டிட்டு காலேஜுக்கா? பாகல் ஹோ க்யா, பைத்தியமா? தனியாத்தான் போவேன்." பிடிவாதம் என்னிடமிருந்து போனதுதான், என்ன சொல்வது?

சரி, தனியாகப் போ, அதற்குமுன் பழகு என்றேன். தலையைத் திருப்பித் திருப்பி, சத்தம் கூடுவதையும் குறைவதையும் வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, செய்தால் கெடுதல் இல்லை என்றார். எனக்கு அது போதும். நீளமான வயர் வாங்கினேன். ஒரு பெட்டியைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பெரிய ஸ்பீக்கராக இருந்தால் இது நடந்திருக்குமா? தினமும் சாயங்காலம் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஹாலின் நடுவில் நிற்பாள். நான் ஒவ்வொரு மூலையாகப் பூனை மாதிரி நடப்பேன்.

"எங்க நிக்கேன், சொல்லு?"

"ஜன்னல் பக்கம்."

"அடுப்படி வாசல்லதான்ட்டி நிக்கேன்."

"சீட்டிங்! வயரு அவ்வளவு தூரம் வராது."

"தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னவ, இப்பம் கைப்புள்ள மாதிரி தூக்கிட்டு அலையுதா" என்பார் கணவர். சில நாள் அவரே கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தில் சேர்வார்.

முதல் மாதம் பத்தில் ஏழெட்டு தப்பு. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். வந்தாள். இப்போது பாதிக்குமேல் சரியாகச் சொல்கிறாள். ஃப்ரிட்ஜ், பீரோ, செருப்பு ஸ்டாண்டு என்று பெட்டி எங்கே வேண்டுமானாலும் இருக்கும். மழைக்காலம் முழுக்க நிறுத்தவில்லை. இனியும் நிறுத்துவதாக இல்லை.

போன ஜூலையிலிருந்து தனியாகத்தான் போய் வருகிறாள். நேற்று டிபன் டப்பாவை மறந்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். நான் பழைய ஞாபகத்தில் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து, "ஏட்டி பிரியா!" என்று கத்திவிட்டேன். அவள் ரோட்டில் கால் வைக்கப்போனவள், காலைப் பின்னுக்கு எடுத்தாள். மருந்துக்கடைப் பக்கம் பார்த்தாள். ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தாள். தலையை மெதுவாகச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நான் மறுபடி கூப்பிட்டேன், மறுபடி. நான்காவது தடவையில் நிமிர்ந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். ஜெயித்தவள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். நானும் காட்டினேன்.

முன்பெல்லாம் அவள் பெயரின் முதல் எழுத்து என் வாயிலிருந்து வரும்போதே அந்த முகம் மேலே திரும்பியிருக்கும்.