சக்கரத்தடியில் ஒரு வேட்டி

எங்கள் வீட்டு ட்ரெய்லருக்கு வருஷத்துக்கு ஒருமுறை மாலை விழும். அதை டிராக்டரில் கோத்து, கரும்பு ஏற்றி, திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலைக்கு இழுத்துக்கொண்டு போகிற எனக்கு என்ன விழும்? திட்டுதான். நான் வீட்டோடு மாப்பிள்ளை. நிலம் மாமனாருடையது, டிராக்டர் மாமனாருடையது, நான் படுக்கிற கட்டிலும் அவருடையது. யாராவது என்னைப் பார்த்து "உன் வண்டி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், மனுஷன் தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்பைக் கேட்டுக் கேட்டு எனக்கு மூச்சு முட்டியது.

அப்போதுதான் ஒரகடத்திலிருந்து ஒரு சிநேகிதன் போன் செய்தான். அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், ஆயுத பூஜை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். என் மனைவிக்கும் சம்மதம். ஆனால் மாமனாரிடம் யார் சொல்வது? பூஜை முடிந்த கையோடு நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் முகத்தில் சிரிப்பு தெரியும்.

பூஜைக்கு முந்தின வாரம் முழுக்க வண்டியடியிலேயே கிடந்தேன். ஆலையில் அரவை ஆரம்பித்துவிட்டால் பிறகு எதற்கும் நேரம் இருக்காது. சக்கரத்துக்கு கிரீஸ் வைத்தேன், டயருக்குக் காற்று பார்த்தேன், டிராக்டரோடு கோக்கிற கொக்கியில் தேய்ந்துபோன இரும்புப் பின்னை மாற்றினேன், அது கழன்றாலும் வண்டி ஓடிப்போகாதபடி சங்கிலி போட்டேன். பின்பக்கச் சிவப்பு விளக்குக்குப் புது ஒயர் இழுத்தேன். கரும்பு அடுக்கிய ட்ரெய்லர் இருட்டில் நிற்பது தெரியாமல் கனகம்மாசத்திரம் ரோட்டில் எவனாவது வந்து மோதினால் அவன் கதி என்ன? மாமனாருக்கு அதெல்லாம் வெட்டி வேலை. "இத்தினி வருசமா நான் ஓட்டலயா? சும்மா அதத் தட்டிக்கினே இருக்கற" என்பார்.

பூஜையன்று காலையில் ஸ்பேனர், ஜாக்கி, கிரீஸ் கன் எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் அடுக்கிவிட்டார்கள். அடுக்கியாயிற்றென்றால் மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அதற்கப்புறம்தானா என் கண்ணில் அது படவேண்டும்! சக்கரத்துக்குச் சந்தனம் தடவக் குனிந்தபோது பார்க்கிறேன், அச்சையும் அதன் மேலிருக்கிற வில்பட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டில் நட்டு பாதி கழன்று தொங்குகிறது. பூஜை முடிந்ததும் தெருப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு இந்த வண்டிதான் ஊரைச் சுற்றப்போகிறது.

"மாமா, ஒரே ஒரு ஸ்பேனர் எடுத்துக்கறேன்."

"பூசைல வெச்ச சாமான எடுப்பியா? அறிவு கீதா உனக்கு? நல்ல நேரம் போய்க்கினு கீது, நவுரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, கையாலாவது முறுக்கி வைப்போம் என்று, அவர் கற்பூரத் தட்டை எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து வண்டியடியில் நுழைந்தேன். இடுப்பில் அவர் எடுத்துக்கொடுத்த புது வேட்டி. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருந்ததால் பயமில்லை.

நட்டைப் பாதி முறுக்கியிருப்பேன். பக்கத்து வீட்டு ஆட்டோவுக்கும் அப்போதுதான் பூஜை போலிருக்கிறது, ஹாரனை விடாமல் அடித்தார்கள். மாமனாரின் கால்கள் வந்தன. குனிந்த கை ஒன்று கற்களை எடுத்துவிட்டு, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தது. கொக்கியில் கொஞ்சம் ஆட்டம் உண்டு. கல் போனதும் ட்ரெய்லர் நாலு விரற்கடை பின்னால் உருண்டு, சக்கரம் பின்னால் விரிந்து கிடந்த என் வேட்டியைக் கவ்விக்கொண்டது. "மாமா! மாமா!" என்று கத்தினேன். டிராக்டர் உறுமியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் இரண்டு காலும் சக்கரத்துக்கு முன்னால் நீட்டியிருந்தன. வேட்டியை இழுத்தேன், வரவில்லை. அவிழ்த்துப்போட்டால் தப்பிவிடலாம். அதற்கு என்ன யோசனை என்கிறீர்களா? வெளியே மாமியார், சின்ன மாமியார், கொழுந்தியாள், தெருப் பெண்கள் எல்லாரும் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள்! வீட்டு மாப்பிள்ளை டவுசரோடு போய் நிற்பதா? சாகக் கிடக்கும்போதும் மனுஷனுக்கு மானம்தான் பெரிதாகப் படுகிறது, பாருங்கள். கியர் விழும் சத்தம் கேட்டது. முருகா என்று வேட்டியை உருவிப் போட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகப் புரண்டு வெளியே விழுந்தேன். வண்டி நகர்ந்தது.

எழுந்து, பின்பக்கத் தகட்டின் மறைவில் நின்றேன். யாரோ ஒரு பெண் வீலென்று கத்தினாள். வண்டி நின்றது. மாமனார் இறங்கி ஓடிவந்து பார்த்திருக்கிறார். சக்கரத்தடியில் நசுங்கிய வேட்டி, அதன்மேல் எலுமிச்சைச் சாறும் குங்குமமும் சேர்ந்து திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"ஐயோ, என் புள்ளய கொன்னுட்டனே! நானே என் கையால கொன்னுட்டனே!"

தரையில் விழுந்து மண்ணை அடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. புள்ள என்றார். மெல்ல முன்னால் போய் நின்றேன்.

டவுசரோடு நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார். எழுந்து வந்து தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாய்யா உனக்கு?" என்றார். பிறகு தன் தோள் துண்டை எடுத்து என் இடுப்பைச் சுற்றி, அவர் கையாலேயே முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் இறுக்கிப் போட்டார்.

பிறகு அவரே உள்ளே போய், சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஸ்பேனரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நட்ட முறுக்கு" என்றார். முறுக்கினேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தோம். டிராக்டரை என்னைத்தான் ஓட்டச் சொன்னார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "என் புள்ள வண்டி" என்றார்.

சாயங்காலம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் மனைவி என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நைனா கைல சொன்னியா?"

"இன்னிக்கு வேணாம். பாவம், அவரு இன்னும் அழுதுகினு கீறாரு."

"இன்னிக்குச் சொல்லலன்னா நீ எப்பவும் சொல்ல மாட்ட பாவா" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த அரவைக்கும் நான்தான் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிறேன்.