கட்டம் கட்டமாக வந்த என் பெயர்

என் மகள் கம்ப்யூட்டரில் பெட்டி கட்டுகிறவள். கன்டெய்னர் இமேஜ் என்று அதற்குப் பெயர். ஒரு புரோகிராம் ஓட என்னென்ன சாமான் வேண்டுமோ, எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டிவிட வேண்டும். போன இடத்தில் எதையும் கடன் கேட்கக் கூடாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கோரிமேடு போகிற சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே சீட்டு அடிக்க, ரிசல்ட் அடிக்க ஒன்று கட்டியிருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது. சரியாக ஓடினால் அவள் கம்பெனிக்கு வேலை; இல்லாவிட்டால் வேறு ஆள். எனக்கும் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. முதல் சீட்டு என் பெயருக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு கூடவே போனேன்.

மெஷின் சீட்டைத் துப்பியது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். அதற்காக என் பெயர் எனக்குத் தெரியாதா? பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள், வரிசையாக.

“என்னாடி இது? எம் பேரு எங்க?”

வாங்கிப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, தமிழ் எழுத்தே உள்ள வெக்கலம்மா.”

“நீ கட்டின பெட்டியில தமிழ் இல்லியா!”

“ஆபீஸ்ல எல்லார் பேரையும் இங்கிலீஷ்லதாம்மா போட்டுப் பாத்தோம். நல்லா வந்துது.”

நிலையத்துக்காரர் எட்டிப் பார்த்தார். “நாங்க தமிழ்லதான்மா பேர் போடுவோம். இந்தக் கட்டத்த வச்சி எது யார் ரத்தம்னு பாக்கறது?”

மகள் போனிலிருந்து நெட் எடுத்து, தமிழ் எழுத்தைச் சேர்க்க உட்கார்ந்தாள்.

“பழசு என்னா ஆச்சி?”

“அழிச்சிட்டேன்.”

சோறு தண்ணி பார்க்காமல் கட்டியதை ஒரே தட்டில் அழித்துவிட்டாள்! நான் வாயில் கை வைத்தேன்.

“இத ஒட்டுப் போட மாட்டோம்மா. எதெது வேணும்னு எழுதி வச்சிருக்கேன், அதுல இதையும் சேத்தா தானா புதுசா கட்டிக்கும்.”

“காப்பித்தண்ணிகூட குடிக்காம குந்திகினு இருக்கோம், சீக்கிரம் கட்டும்மா!” என்றார் பின்னால் வரிசையில் இருந்த ஒரு பெரியவர்.

மறுபடி சீட்டு வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. நிலையத்துக்காரர் அந்தப் பெரியவர் பெயரைத் தமிழில் அடித்தார், அதுவும் வந்தது. “இதையே வச்சிக்கறோம்மா” என்றார்.

உள்ளே ரத்தம் எடுக்கிற பெண் என் கையைப் பிடித்தாள். “நடுங்குதே ஆயா, ஊசின்னா பயமா?”

“ஊசிக்கா? போடி.”