பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி

மைதானத்தில் மைக் பிடிப்பவனின் தொழில் மற்றவர்களின் பெயரைச் சொல்வது. அவனுடைய பெயரை ஒருவரும் கேட்பதில்லை. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊருக்குப் பக்கத்தில், அடிமட்டப் பிரிவில் ஆடும் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தில் நான் அந்த வேலை பார்த்தேன். மனேஜர் அன்செல்மோ ஸ்பெயின்காரர். அங்கே இரண்டாம் பிரிவில் விளையாடி, முழங்கால் கெட்டு, லண்டனில் கோப்பை கழுவி, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவர்.

அவருக்கு நடந்த அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்கிறேன். முதலாவது, கோல் அடிக்கிற ஒரே பெடியனைக் கழகத்தார் அவரைக் கேட்காமலே விற்றார்கள். இரண்டாவது, பிறகு கோல் விழவில்லை என்று அவரையே குற்றம் சொன்னார்கள். மூன்றாவது, ஒரு குறுஞ்செய்தியில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். நாலாவது, அவர் பெயர் இனி மைக்கில் வரக்கூடாது என்றார்கள். மேலிடத்தின் கீழே பிழைப்பு நடத்துகிற தோழர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பதில் வராத கோஷம்

என்னைப் படிப்பித்தவை துண்டுப்பிரசுரங்கள். என் குரலை வளர்த்தவை ஊர்வலங்கள். அன்று நான் சொன்ன கோஷத்தைத் திருப்பிச் சொன்னவர்கள் இன்று லண்டனின் ஹரோ பக்கம் வீடும் காருமாக இருக்கிறார்கள். தெருவில் கண்டால் போனைப் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கதோஷத்தில் என் முதல் சனிக்கிழமை, ஒவ்வோர் ஆட்டக்காரனின் முதற்பெயரையும் சொல்லி, மிச்சத்தைச் சனம் சொல்லட்டும் என்று நிறுத்தினேன்.

ஒரு சத்தமும் இல்லை. வெள்ளைக்காரக் கிழவர்கள் மைக் பழுதாய்ப் போச்சாக்கும் என்று அண்ணாந்து பார்த்தார்கள். நான் இருந்து வாசிக்கும் மைக் கூண்டுக்குக் கீழே தேநீர்க் கடை வைத்திருந்த சறோ, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, யன்னலால் தலையை நீட்டினாள்.

"அண்ணை, இது ஊர்வலமில்லை. கெதியா வாசிச்சு முடியுங்கோ, சனம் தேத்தண்ணியை மறந்து உங்களைப் பாக்குது."

வாங்கிலிருந்து வந்த குரல்

ஆட்டம் முடிந்து அன்செல்மோ கூண்டுக்கு ஏறி வந்து, அந்த இடைவெளி எதற்கு என்று கேட்டார். சொல்கிறவன் பாதி, சனம் பாதி, அப்போதுதான் அது எல்லாருடைய சொல்லாகும் என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமை நான் நிறுத்திய இடமெல்லாம் தனியொரு தொண்டை நிரப்பியது. பார்த்தால், ஆட்டக்காரர் இருக்கும் வாங்குப் பலகைக்கு முன்னால் மனேஜர். மெல்ல மெல்ல மாற்று ஆட்டக்காரர் சேர்ந்தார்கள். குளிர்காலம் வருமுன் சனம் நின்று பார்க்கும் கொட்டகை முழுக்கச் சேர்ந்தது.

உங்கள் பெயரை எப்படி வாசிக்க என்று அன்செல்மோவிடம் கேட்டேன். நான் வாசிக்கும் தாளில் வேரா என்று மட்டும் இருந்தது. அது தகப்பன் வழிப் பெயராம்; அவர்கள் நாட்டில் தாய் வழிப் பெயரும் கூடவே வருமாம். அவருடைய தாய் வழிப் பெயர் கிந்தானா.

"அப்பாவுடையதை நீ சொல்லு. அம்மாவுடையதை அவர்கள் சொல்லட்டும். அம்மாவுக்குச் சத்தம் பிடிக்கும்."

ஓஃப்சைட்

அன்செல்மோ பெரிய அணியொன்றுக்கு எதிராக வாழ்நாளில் ஒரே ஒரு கோல் அடித்திருக்கிறார். ஓஃப்சைட் என்று கோட்டு நடுவரின் கொடி உயர்ந்தது, கோல் இல்லை என்றார்கள். இதைக் கேட்டதும் எனக்கு இரத்தம் கொதித்தது. அதிகாரமும் கொடியும் எப்போதும் பெரியவன் பக்கம்தான் என்று ஒரு துண்டுப்பிரசுரத்துக்கு மனதுக்குள்ளேயே தலைப்பு வைத்துவிட்டேன். அவரிடமும் சொன்னேன். உடைமாற்றும் அறையில் ஒழுகுகிற குழாயைத் திருகிக்கொண்டே கேட்டார். அந்தக் கழகத்தில் மனேஜர்தான் குழாய் திருத்துபவர்.

"வடிவாக எழுது. ஆனால் நான் ஓஃப்சைட்டில்தான் நின்றேன்."

கடைசிச் சனிக்கிழமை

அவரை நிறுத்திய பிறகு வந்த முதல் ஆட்டம். கழகத் தலைவர் தாளைத் தந்தபோது, இதில் இல்லாத பெயரை வாசித்தால் மைக்கும் உன்னுடையதில்லை என்றார். அன்செல்மோ டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, சறோவின் யன்னலோரம் கோப்பையோடு நின்றார். ஒருவரும் அவரை நேரே பார்க்கவில்லை. ஆட்டக்காரரின் பெயர்களை வாசித்தேன். சனம் பதில் சொன்னது. புது மனேஜரின் பெயரையும் வாசித்தேன். தாள் முடிந்தது.

மைக்கை நிறுத்தாமல், "அன்செல்மோ வேரா" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். முதல் சனிக்கிழமை போலவே ஒரு சத்தமும் இல்லை. பிறகு எனக்குக் கீழே சறோவின் குரல் மட்டும் எழும்பியது. அதன்மேல் கொட்டகை முழுவதும். அன்செல்மோ கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். சறோ மேலே பார்த்தாள்.

"தலைவர் படியேறி வாறார், அண்ணை. ஆறுதலாக் கேட்டுட்டு இறங்கி வாங்கோ, தேத்தண்ணி ஊத்தி வைக்கிறன்."

என் குரலால் இந்த ஊரில் ஓர் ஆட்சியும் கவிழவில்லை, மைக்கும் போய்விட்டது, ஆனாலும் ஒரு கொட்டகைச் சனத்தைச் சாட்சி வைத்து நான் பாதியும் அவர்கள் பாதியுமாக வாசித்த பெயர் இது: அன்செல்மோ வேரா கிந்தானா.