ரோஜாப்பூ அக்கவுண்ட்

எனக்கு யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் சந்தேகம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை மாதிரிப் பிள்ளைகளுக்கு எழுதும்போது பொய் சொல்லக் கூடாது.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் எங்களுக்கு முக்கியமான வேலை. ஸ்டூலில் வந்து உட்காருகிற எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க. ரெண்டு காதும் தெரியணும்." காது முடிக்குள் மறைந்திருந்தால் சில ஆபீஸில் போட்டோவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திட்டு எனக்குத்தான் வரும். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை வாயிலேயே தங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளையின் காதைத்தான் முதலில் பார்ப்பேன்.

என் மகள் அடையாறில் ஒரு காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளும் முகம்தான் வரைகிறாள். ஆனால் காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. பெரிய போன் மாதிரிப் பழைய டேப் ஒன்று வைத்திருக்கிறாள். அதன் கண்ணாடிமேல் ஒரு பேனாவால் தேய்க்கிறாள், உள்ளே முகம் வருகிறது. குளத்தங்கரையில் கீரை விற்கிற அம்மாவைத்தான் முதலில் வரைந்தாள். அந்த அம்மாவின் மூக்குத்தியில் ஒரு சொட்டு வெளிச்சம் வைத்திருந்தாள் பாருங்கள், எனக்கே அதை ஒருமுறை துடைத்துப் பார்க்கத் தோன்றியது. அந்தப் படத்தை ஆன்லைனில் போட்டாள். அடுத்து நொச்சிக்குப்பத்தில் மீன் வெட்டுகிறவர், அதற்கடுத்து பஸ் கண்டக்டர். யார் யாரோ பார்த்தார்கள். ஃபேன்ஸ் என்றாள். சினிமாக்காரர்களுக்கு இருப்பார்கள், அது தெரியும். என் வீட்டில் சட்னி அரைக்கிற பெண்ணுக்கு எதற்கு ஃபேன்ஸ்?

ஒருநாள் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். கீரைக்கார அம்மா படத்துக்குக் கீழே வரிசையாக நெருப்புப் பொம்மை. ஒருத்தர் மூன்று நெருப்பு, இன்னொருத்தர் ஐந்து. போனை என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். அவள் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள், நாள் முழுக்க ஆட்களைப் பார்க்கிறவள்.

"இன்னாய்யா இப்ப?"

"கொளுத்திடுவேன்னு எழுதறானுங்க."

அவள் மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். நெருப்பு போட்டால் படம் பிரமாதம் என்று அர்த்தமாம். ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிரமாதம் என்றால் பிரமாதம் என்று எழுத வேண்டியதுதானே?

அன்றிலிருந்து தினமும் பார்க்க ஆரம்பித்தேன். அதில் ஒரு ஆள் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தான். பெயர் இருக்கிற இடத்தில் மூன்று புள்ளி. முகம் இருக்கிற இடத்தில் ஒரு ஊறுகாய் பாட்டில். மகள் படம் போட்ட இரண்டாவது நிமிஷம் ஊறுகாய் வந்துவிடும். ஒருநாள், "இன்னிக்கு உங்க சன்னல் வெளிச்சம் ரொம்ப நல்லா இருக்கு" என்று எழுதியிருந்தது.

எங்கள் வீட்டுச் சன்னலைப் பற்றி ஊறுகாய்க்கு எப்படித் தெரியும்? நான் சன்னலைத் திறந்து எதிர் மாடியைப் பார்த்தேன். ஒருத்தர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரையும் சந்தேகப்பட்டேன்.

மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒளிப்பாளோ என்று அவள்மேலும் ஒரு சந்தேகம். அதனால் மதியம் ஸ்டூடியோவில் ஆள் இல்லாத நேரத்தில் நானே ஒரு அக்கவுண்ட் ஆரம்பித்தேன். என் போட்டோ வைத்தால் மாட்டிக்கொள்வேன். கம்ப்யூட்டரில் பிறந்தநாள் கார்டுக்கு வைத்திருந்த ரோஜாப்பூ ஒன்றை எடுத்துப் போட்டேன். பெயரும் ரோஜாப்பூ.

சந்தேகம் வராமல் இருக்க ஃபேன் மாதிரியே எழுத வேண்டும் இல்லையா? எழுதினேன். "படம் நன்று. ஆனால் ரெண்டு காதும் தெரியணும்." கண்டக்டர் படத்துக்கும் அதுதான், மீன்காரர் படத்துக்கும் அதுதான். என்ன செய்வது, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

பிறகு ஃபேன்ஸ் ஒவ்வொருவருக்கும் தனியாக மெசேஜ் அனுப்பினேன். "நீங்கள் யார். ஆணா பெண்ணா. எந்த ஏரியா. இந்தப் பெண்ணின் படங்களைத் தினமும் ஏன் பார்க்கிறீர்கள்." போலீஸ்காரர் கேட்கிற மாதிரி இருக்கட்டும் என்று அப்படி எழுதினேன். ஊறுகாய்க்கு மட்டும் ஏழு தடவை அனுப்பினேன். ஒருமுறைதான் பதில் வந்தது: "முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க."

இந்தத் திமிர் போதாதா? இவன்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் போனது. மகள் படம் போடுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. டேப் அலமாரிமேல் கிடந்தது, பேனா ஃபிரிட்ஜ்மேல். சாப்பிடும்போது அவள் அம்மாவிடம் சொன்னாள்: "யாரோ ஒருத்தன் ஃபேக் அக்கவுண்ட் வச்சிக்கினு எல்லாரையும் மிரட்டறாம்மா. என்னைப் பத்தி விசாரிக்கறானாம். நிறைய பேர் பயந்து போயிட்டாங்க. எனக்கும் வெளிய போனா யாரோ பின்னாடி வர்ற மாதிரியே கீது."

"யாருன்னு தெரியலையா?"

"தெரியல. ஞாயித்துக்கிழமை லஸ் பக்கத்துப் பார்க்குல கொஞ்சம் பேரை நேர்ல பாக்கறேன். இவங்களாவது நல்லவங்களான்னு தெரியட்டும். அதுலயும் ஏதாவது ஆச்சுன்னா, பக்கத்தை மூடிடுவேன். இனிமே வரையவே வேணாம்."

தட்டைத் தள்ளிவைத்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பார்த்தியா, ஊறுகாய் வேலையைக் காட்டிட்டான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மிரட்டுகிறவன் நானாக இருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவன், ஒரே ஒரு ஆளை விட்டுவிட்டேன்.

"நானும் வரேன்" என்றேன்.

"வா நைனா. ஆனா ஓரமா நில்லு."

ஞாயிறு காலை பார்க்கில் வாக்கிங் போகிறவர்கள் கூட்டம். எங்களுக்காக வந்தவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொரு முகத்தையும் ஸ்டூலில் உட்கார வைத்த மாதிரிப் பார்த்தேன். காலேஜ் பெண்கள் நாலு பேர், கோடம்பாக்கத்திலிருந்து வந்த ஒல்லிப் பையன்கள் மூன்று பேர், துணிப்பை வைத்திருந்த ஒரு அம்மா. கடைசியில் தாடி வைத்த ஒரு வாட்டசாட்டமான ஆள், விரலில் பைக் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றான். இவன்தான் ஊறுகாய் என்று அவன் பின்னாலேயே போய் நின்றேன்.

அவன் திரும்பினான். "அங்கிள், நீங்க அவங்க அப்பாவா? நல்லவேளை வந்தீங்க. அந்த கேட்டை நீங்க பாத்துக்குங்க, இந்த கேட்டை நான் பாத்துக்கறேன். ரோஜாப்பூ வந்தான்னா ஒரு குரல் குடுங்க."

"யாரு ரோஜாப்பூ?"

"ஒரு சைக்கோ அங்கிள். அவனுக்காகத்தான் நாங்க கும்பலா வந்திருக்கோம். தனியா வந்தா அந்தப் பொண்ணுக்கு பயமா இருக்கும்ல."

சரி என்று தலையாட்டிவிட்டு அந்த கேட்டுக்குப் போய் நின்றேன். வேறு என்ன செய்வது? பத்து நிமிஷம் என்னைப் பிடிக்க நானே காவல் நின்றேன்.

துணிப்பை அம்மா என் பக்கம் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். திருவல்லிக்கேணியாம்.

"அண்ணா, உங்க பொண்ணு உங்ககிட்ட சொல்லுச்சோ இல்லையோ. அந்த ஆள் எனக்கு மட்டும் ஏழு தபா அனுப்பிச்சான். ஆணா பொண்ணான்னு கேக்கறான். எங்க வீட்டுக்காரரு, வரட்டும், நேர்ல காட்டறேன்னு குதிக்கறாரு. நான்தான் அடக்கி வச்சிருக்கேன்."

ஏழு என்றதும் புரிந்துவிட்டது. "ஊறுகாய் படம் வச்சிருக்கறது…"

"நான்தான். வீட்ல ஊறுகாய் போட்டு விக்கறேன், அதான் அந்தப் படம்."

"எங்க வீட்டு சன்னல் உங்களுக்கு எப்படித் தெரியும்?" இந்த நிலைமையிலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வரையற வீடியோ போடுதுல்ல, அதுல டேப்பு மேல சன்னல் கம்பி நிழல் விழுதே. நீங்க பாத்ததில்லையா?"

நான் பார்த்ததில்லை. கீழே யார் என்ன எழுதினார்கள் என்று பார்த்தேனே தவிர, மகள் வரைவதை ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை.

அதற்குள் மகள் பெஞ்சில் உட்கார்ந்து டேப்பைத் திறந்தாள். "யாரை முதல்ல வரையட்டும்?" என்றாள். எல்லாரும் ஊறுகாய் அம்மாவைக் கைகாட்டினார்கள். அவள் கூச்சத்தோடு எதிரே போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டாள். முடி ஒரு பக்கமாக விழுந்து காதை மூடியது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னை அறியாமல் வாய் பேசிவிட்டது.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும்."

கோடம்பாக்கத்துப் பையன் ஒருத்தன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். தாடிக்காரன் மெதுவாக வந்தான்.

"அங்கிள், இப்ப இன்னா சொன்னீங்க?"

மகளின் பேனா கண்ணாடிமேல் அப்படியே நின்றுவிட்டது. போட்டோவையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆபீசர் மாதிரி என்னைப் பார்த்தாள். என் குழந்தை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நான்தான்" என்றேன். "ரோஜாப்பூ நான்தான் பாப்பா. ஊறுகாயைப் பிடிக்கலாம்னு…"

அவள் அழுவாள் என்று நினைத்தேன், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் ஊறுகாய் அம்மாவிடம், "அக்கா, நீங்க எழுந்திருங்க" என்றாள். பிறகு என்னிடம், "நைனா, நீ வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். நான் மெசேஜ் அனுப்பி மிரட்டின அத்தனை பேரும் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள்.

"சிரிக்காதீங்க அங்கிள்" என்றான் தாடிக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். ஊறுகாய் அம்மா, "எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமாண்ணா?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்காமல் வரைந்தாள். அரை மணி நேரம். நம்மை ஒருத்தர் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் டேப்பைத் திருப்பிக் காட்டினாள். நரை, கண்ணுக்குக் கீழே பை, எல்லாம் நான்தான். ஆனால் பக்கவாட்டு முகம்.

"ஒரு காதுதான் கீது" என்றேன்.

"நீ என்னைப் பாக்கவே இல்லையே நைனா. உக்காந்ததுலேர்ந்து கேட்டைத்தானே பாத்துக்கினு இருந்த. நான் எங்கேர்ந்து இன்னொரு காதைக் கொண்டாறது?"

உண்மைதான். வேறு யாராவது வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோஜாப்பூவை அழிக்க எனக்குத் தெரியவில்லை. ஊறுகாய் அம்மாதான் போனை வாங்கி அழிக்கிற இடத்தைக் காட்டினாள். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. "அழுத்துங்கண்ணா" என்றாள். அழுத்தினேன். ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். தாடிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பாவா இருந்தா டேப்பையே உடைச்சிருப்பாரு" என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

சந்தேகப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். முகம் தெரியாத ஆள் உங்கள் வீட்டுச் சன்னலைப் பற்றிப் பேசினால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் சொந்த முகத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள், முதலில் வீட்டில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் என் மகள் இரண்டு வாரம் பயந்து நடந்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் டேப்பை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் ஃபிரிட்ஜ்மேல் பேனாவைத் தேடினேன், இல்லை. சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் படத்தைப் போட்டுவிட்டு அடுத்ததாக ஊறுகாய் அம்மாவை வரைய ஆரம்பித்திருந்தாள். டேப்மேல் கம்பி நிழல் விழுந்திருந்தது. என் படத்துக்குக் கீழே, "எங்க நைனா. இனிமே கேட்டுட்டுத்தான் சந்தேகப்படுவாரு" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே நெருப்பு நெருப்பாக வந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு, ஊறுகாய் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை மகள் திறந்தாள். நான் அதைக் கையிலிருந்து வாங்கி, ஒரு துண்டை முதலில் நான் சாப்பிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"இன்னாய்யா, உசுரோட கீறியா?" என்றாள் என் வீட்டுக்காரி.

மகள் அப்போதுதான் சிரித்தாள்.