கேசட் பார்த்து வந்த மசக்கை

கொழுந்தனார் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் கையில் கேமராவைக் கொடுத்தவனைத்தான் முதலில் ஏச வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு முழுக்க ஓடிக்கொண்டே எடுத்திருந்தான், கட்டையில் போவான். தொண்ணூறுகளில் கல்யாணக் கேசட் என்றால் கிராபிக்ஸ்தான் பெருமை. திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பூவுக்குள் பம்பரமாகச் சுழல்வார்கள். வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வந்து, பாளையங்கோட்டை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். எனக்குத் தலை கிறுகிறுத்தது. தாலி கட்டுவதற்குள் புறவாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

நிமிர்ந்தால் மாமியார் நிற்கிறாள்.

"ஏட்டி, நாள் தள்ளிப் போயிருக்கா?"

போயிருந்தது. கல்யாண அலைச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் தலையாட்டினேன். எனக்கும் ஆசை இருக்காதா? கல்யாணமாகி ஆறு வருஷம். "விசேஷம் உண்டா?" என்று கேட்காத வாய் அந்தத் தெருவில் கிடையாது.

அன்றைக்கே அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம் மருமவ முழுகாம இருக்கா" என்று சொல்லிவிட்டாள். மாங்காய் வந்தது. சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் மறுபடி டெக் வந்தது, கேசட் ஓடியது, நானும் தவறாமல் வாந்தி எடுத்தேன். அத்தை சிரித்துக்கொண்டே முதுகைத் தடவிவிடுவாள். காலையில் மட்டும் எனக்கு நன்றாகப் பசித்தது. அதுதான் பயமாக இருந்தது; மசக்கை என்றால் காலையில்தானே குமட்டும்?

டாக்டரம்மா சோதித்துவிட்டு, வயிற்றில் பிள்ளை இல்லை என்றார். எப்போதெல்லாம் வாந்தி வருகிறது என்று கேட்டவரிடம் கேசட் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆடுற படத்தப் பாத்தா செல பேருக்கு பஸ்ஸுல வார மாதிரியே வாந்தி வரும்மா. தள்ளி உக்காந்து பாருங்க. தல சுத்துனா கண்ண மூடிக்கிடுங்க."

அவ்வளவுதான் வைத்தியம்.

"அப்போ படத்துக்கா வந்துச்சு?" என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டாள். வீட்டுக்குப் போய் என்ன ஏச்சு விழுமோ என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா என்ன சொன்னாவ?"

நான் வாயைத் திறக்குமுன் அத்தை சொன்னாள்: "தங்கல மயினி. கலைஞ்சு போச்சு."

"அய்யோ!" என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "அழாத தாயி. ஒரு தடவ உண்டானவளுக்கு மறுபடி உண்டாவாமலா போயிரும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலடி என்று இனி எவளும் என்னைச் சொல்ல முடியாது. அத்தை அதற்காகத்தான் புளுகியிருக்கிறாள். இல்லாத பிள்ளைக்காக அந்த வாசலில் நின்று விக்கி விக்கி அழுதேன்.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேருகூட யோசிச்சு வச்சிருந்தேன்ட்டி."

என்ன பேர் என்று கேட்டேன். கடைசிவரை அவள் சொல்லவேயில்லை.